குண்டு துளைத்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது: கவச வண்டிகளில் ஆளைக் காப்பாற்றும் தொழில்நுட்பம், ஆரம்பத்திலிருந்து

எரிந்து கரியாகி நிற்கும் ஒரு டாங்கியின் படம் வந்தால் போதும், கீழே இரண்டு வகையான கருத்துகள் வந்து குவியும். "இத்தனை டன் இரும்பு ஒரு சின்ன ராக்கெட்டைத் தாங்கவில்லையே, டாங்கிகளின் காலம் முடிந்தது" என்பது ஒன்று. "எங்கள் டாங்கியின் கவசம் இத்தனை மி.மீ., இதெல்லாம் அதை ஒன்றும் செய்யாது" என்பது இன்னொன்று. உள்ளே இருந்த மூன்று நான்கு பேர் இறங்கி ஓடினார்களா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எல்லோரும் உயிரோடு வெளியேறிய பிறகு, கைவிடப்பட்ட வண்டியை எதிரி மறுபடி மறுபடி அடித்து எரித்திருக்கலாம். அதுவும் படத்தில் இப்படித்தான் தெரியும்.

கவசம் எவ்வளவு தடிமன் என்பதில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும் பேச்சுதான் அதிகம். உள்ளே இருப்பவர் பிழைப்பாரா மாட்டாரா என்பதில் பெரும்பகுதி, கவசம் துளைக்கப்பட்ட அடுத்த கால் விநாடியில் முடிவாகிறது. அந்தக் கால் விநாடிக்காக என்னென்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

## நசுங்கிய கார், நடந்து வந்த ஆள்

நல்ல கார் ஒன்று வேகமாகப் போய் மரத்தில் மோதுகிறது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது, ஓட்டியவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நிற்கிறார். அந்தக் காரை யாரும் மோசமான கார் என்று சொல்ல மாட்டோம். முன்பக்கம் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது, மோதலின் ஆற்றலை அது வாங்கிக்கொண்டது, ஆள் பிழைத்தார். கார் இரும்புக் கடைக்குப் போகும், அவ்வளவுதான்.

கவச வண்டியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வண்டி பிழைப்பது வேறு, ஆள் பிழைப்பது வேறு. ராணுவங்களே இதைப் பிரித்துத்தான் கணக்கு வைக்கின்றன. வண்டி நகர முடியாமல் போனால் ஒரு வகை, சுட முடியாமல் போனால் இன்னொரு வகை, பழுதுபார்க்கவே முடியாதபடி அழிந்தால் மூன்றாவது வகை. குழுவினருக்கு என்ன ஆயிற்று என்பது தனிக் கேள்வி.

அப்புறம், கவசம் என்பது கடைசிக்கு முந்தைய தற்காப்பு. இதை விளக்க இந்தத் துறையில் வெங்காயத்தைச் சொல்வார்கள். வெளித்தோல்: கண்ணில் படாமல் இரு. அடுத்தது: பட்டாலும் குறிவைக்க விடாதே. அடுத்தது: குறிவைத்தாலும் மேலே பட விடாதே. அடுத்தது: பட்டாலும் துளைக்க விடாதே. நடுவில் இருப்பது: துளைத்தாலும் சாகாதே. இணையத்தில் நடக்கும் சண்டையெல்லாம் நான்காவது தோலைப் பற்றியது. இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் ஐந்தாவதைப் பற்றியது.

## இரும்பை எது துளைக்கிறது

துளைக்கும் வழிகள் பல உண்டு என்றாலும், ஆரம்பத்துக்கு இரண்டைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, வெறும் வேகம். டங்ஸ்டன் அல்லது செறிவு குறைந்த யுரேனியத்தில் செய்த நீளமான, ஒல்லியான கம்பி ஒன்று. அம்பைப் போலப் பின்னால் சிறு இறக்கைகள். டாங்கியின் பீரங்கியிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,500 முதல் 1,700 மீட்டர் வேகத்தில் புறப்படும். உள்ளே வெடிமருந்து எதுவும் கிடையாது. ஊசி ஏன் எளிதாக இறங்குகிறது? மொத்த விசையும் ஒரு புள்ளியில் விழுவதால். இதுவும் அதே கதைதான், எடையும் வேகமும் மட்டும் பயங்கரம்.

இரண்டாவதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டுகளிலும், டாங்கிகளைத் தாக்கும் பெரும்பாலான ஏவுகணைகளிலும் இருப்பது கூம்புவெடி. ஷேப்டு சார்ஜ் என்றும் சொல்வார்கள். வெடிமருந்தின் முன்பக்கத்தைப் புனல் போலக் குடைந்து, அந்தக் குழிக்குள் செம்புத் தகட்டை ஒட்டியிருப்பார்கள். பின்னாலிருந்து வெடிக்கும்போது அந்தச் செம்புப் புனல் நாலா பக்கமும் அழுத்தப்பட்டு, உள்நோக்கிச் சுருங்கி, நடுவிலிருந்து மெல்லிய தாரையாகப் பீறிடும். அதன் நுனி வேகம் விநாடிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வரை போகும்.

இது இரும்பை உருக்கிக்கொண்டு போகிறது என்று எழுதாத ஆள் இல்லை. உருக்குவதில்லை. வெப்பத்துக்கு இதில் பெரிய வேலையே இல்லை. ரப்பர் குழாயில் விரலை வைத்து அழுத்தி, தண்ணீரைச் சேற்றின் மேல் பீய்ச்சினால் சேறு இரண்டு பக்கமும் ஒதுங்கிக் குழி விழும் அல்லவா? தண்ணீர் சுட்டதால் விழுந்த குழி இல்லையே அது. அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில், கெட்டியான எஃகே சேறு மாதிரி ஒதுங்கி வழி விடுகிறது. செம்பும் அப்படித்தான், உருகாமலே திரவம் போல நடந்துகொள்கிறது. கடைசியில் கவசத்தில் மிஞ்சுவது கிட்டத்தட்ட விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இவ்வளவு சின்னத் துளைக்கு உள்ளே ஏன் அவ்வளவு நாசம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

## கவசம் வெறும் தடிமன் இல்லை

ஒரு மரக்கட்டையை நேராக அறுத்தால் வெட்டுமுகம் சின்னது. சாய்வாக அறுத்தால் நீளம். ரம்பம் கடக்க வேண்டிய மரம் கூடிவிட்டது, ஆனால் கட்டை அதே கட்டைதான். சாய்வுக் கவசத்தின் கணக்கும் இதுதான். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியத்தின் டி-34 டாங்கிக்கு முன்பக்கத் தகடு 45 மி.மீ. மட்டுமே. செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து வைத்ததால், நேராக வரும் குண்டு கடக்க வேண்டிய இரும்பு 90 மி.மீ. ஆகிவிடும். போதாக்குறைக்கு அந்தக் காலத்துக் குண்டுகள் பல, சாய்ந்த தகட்டில் பட்டுத் தெறித்தும் போயின. இன்றைய நீளக் கம்பிகள் அவ்வளவு சுலபமாகத் தெறிப்பதில்லை.

கூம்புவெடி வந்த பிறகு வெறும் எஃகை வைத்துச் சமாளிப்பது கட்டுப்படியாகவில்லை. அதற்கு ஈடாகத் தடிமனைக் கூட்டினால் வண்டி நகராது. அடுக்குக் கவசம் வந்தது இதனால்தான். எஃகு, பீங்கான், கண்ணாடியிழை, ரப்பர் என்று தன்மை வேறுபட்ட பொருள்களை மாற்றி மாற்றி அடுக்குவது. சோவியத் டி-64 டாங்கியின் முன்பக்கத்தில் எஃகுத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடியிழை இருந்தது. பிரிட்டனில் 1960களில் உருவான அடுக்குக் கவசத்துக்கு, அது பிறந்த இடத்தை வைத்தே சோபம் கவசம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு அடுக்கும் தாரையையோ கம்பியையோ ஒவ்வொரு விதமாகத் தொல்லை செய்யும்: ஒன்று உடைக்கும், ஒன்று வளைக்கும், ஒன்று வழியை விட்டு விலக்கும். "அந்த டாங்கியின் கவசம் 800 மி.மீ." என்று யாராவது அடித்துச் சொன்னால், அது அளந்த தடிமன் இல்லை, இத்தனை மி.மீ. சாதாரண எஃகுக்குச் சமம் என்ற மதிப்பீடு. அசல் எண்கள் ரகசியம். எனவே அந்த எண்ணை வைத்து நடக்கும் வாக்குவாதங்களில் நான் கலந்துகொள்வதில்லை.

டாங்கியின் மேல் செங்கல் அடுக்கியது போலப் பெட்டிகள் இருக்குமே, அது எதிர்வினைக் கவசம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் ஒரு படலம் வெடிமருந்து. 1982 லெபனான் போரில் இஸ்ரேலிய டாங்கிகள் இதோடுதான் போயின. "வருகிற வெடியை இந்த வெடி எதிர்த்துத் தள்ளிவிடும்" என்று ஒரு விளக்கம் உலவுகிறது, அது சரியில்லை. செம்புத் தாரை பெட்டியைத் துளைக்கும்போது நடுவில் இருக்கும் மருந்து வெடித்து, இரண்டு தகடுகளையும் எதிரெதிர்ப் பக்கமாகப் பறக்க விடுகிறது. பெட்டி சாய்வாக இருப்பதால், பறக்கும் தகடு தாரையின் பாதையில் குறுக்கே நகர்ந்துகொண்டே புதுப்புது இரும்பைக் கொண்டுவந்து நீட்டும். தாரை துண்டு துண்டாகக் கலைந்துபோகும். துப்பாக்கிக் குண்டு பட்டால் வெடிக்காத மந்தமான மருந்தாகத்தான் பார்த்து வைப்பார்கள். இதற்கும் மாற்று வந்துவிட்டது: ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கூம்புவெடிகள் கொண்ட ஏவுகணை. முன்னது பெட்டியைக் காலி செய்யும், பின்னது வண்டியைப் பார்த்துக்கொள்ளும்.

கம்பிவேலி போலச் சுற்றிக் கட்டும் கூண்டுக் கவசத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அதன் வேலை குண்டைத் தாங்குவது இல்லை. ஆர்பிஜி-7 ராக்கெட்டின் மூக்கில் ஒரு படிகம் இருக்கிறது, மோதினால் அதில் மின்சாரம் பிறக்கும், அந்த மின்சாரம் ராக்கெட்டின் மூக்குக் கூம்பு வழியாகவே பின்னால் போய் வெடிக்க வைக்கும். ராக்கெட் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சிக்கினால் அந்தக் கூம்பு நசுங்கி, மின்சாரம் ஷார்ட் ஆகி, வெடி சரியாக வேலை செய்யாமல் போக வாய்ப்புண்டு. வாய்ப்புதான். மூக்கு நேராகக் கம்பியிலேயே பட்டால் அது பாட்டுக்கு வெடிக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: துளைப்பதற்கு வேகமான கம்பி ஒன்று, செம்புத் தாரை ஒன்று. தடுப்பதற்குச் சாய்வு, அடுக்கு, எதிர்வினைப் பெட்டி, கூண்டு. இவை எல்லாவற்றையும் ஒரே தடிமனில் எல்லாப் பக்கமும் போட முடியாது. முன்பக்கம் கனமாகவும், பக்கங்கள் சுமாராகவும், கூரையும் அடிப்பாகமும் மெல்லியதாகவும் இருக்கும். ஆக எங்கேயோ ஒரு பக்கம் துளையும். துளைந்த பிறகு?

## உள்ளே தெறிக்கும் இரும்பு

சுவரின் ஒரு பக்கம் சுத்தியலால் ஓங்கி அடித்தால் மறுபக்கம் காரை பெயர்ந்து விழுகிறது. சுத்தியல் சுவரைத் தாண்டி வரவில்லை, இருந்தும் மறுபக்கம் நின்றவர் தலையில் தூசியும் துண்டும். கவசத்திலும் இதேதான். உட்பக்கத்திலிருந்து பெயர்ந்து பறக்கும் இரும்புச் சில்லுகளுக்கு ஸ்பால் என்று பெயர். தாரை துளைத்து வந்தால், துளையின் வாயிலிருந்து விரிந்த குடை போல நூற்றுக்கணக்கான சூடான சில்லுகள் தெறிக்கும். விரல் அளவு துளை ஒரு பெட்டிக்குள் அத்தனை பேரைக் காயப்படுத்துவது இப்படித்தான். தாரைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். மற்றவர்களை அடிப்பது சில்லு.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் முதன்முதலாக டாங்கிகள் இறங்கின. பிரிட்டனின் மார்க் 1, உள்ளே எட்டுப் பேர், அவர்களோடு அதே அறையில் ஓடும் எஞ்சின், அதன் புகை. கவசத் தகடு அதிகபட்சமாக 12 மி.மீ. துப்பாக்கிக் குண்டு துளைக்காவிட்டாலும், உட்பக்கம் இரும்புத் துணுக்குகள் பெயர்ந்து வந்தன, பார்வைப் பிளவுகளிலும் மூட்டுகளிலும் நொறுங்கிய ஈயம் சீறி உள்ளே வந்தது. முகம் முழுக்கக் குத்தும். அதனால் குழுவினருக்கு ஒரு முகமூடி கொடுத்தார்கள். கண்களுக்கு மேல் தோல் வைத்த இரும்புத் தகடு, அதில் பார்க்கச் சின்னச் சின்னக் கீறல்கள், மூக்குக்குக் கீழே வாயை மூடித் தொங்கும் சங்கிலி வலை. அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் ஏதோ பழங்காலப் போர்வீரன் என்றுதான் நினைப்பார்கள்.

இன்று அந்தச் சங்கிலி வலையின் இடத்தில் ஸ்பால் விரிப்பு இருக்கிறது. குண்டு துளைக்காத உடுப்புகளில் இருக்கும் அதே வகை நார், அதாவது கெவ்லர் போன்ற அராமிட் இழை, அதைப் பலகையாக அழுத்தி உட்சுவர் முழுக்கப் பதித்துவிடுவார்கள். தாரையை அது நிறுத்தாது. சில்லுகளைப் பிடித்து, அந்தக் குடையைச் சுருக்கும். இரண்டு பேரைத் தாக்கியிருக்கும் சில்லு ஒருவரோடு நிற்கும். பார்க்க ஒன்றுமே இல்லாத, விளம்பரத்தில் வராத பொருள் இது. என்னைக் கேட்டால் கவச வண்டிக்குள் உயிர் காக்கும் பொருள்களில் முதல் மூன்றுக்குள் வரும்.

## நெருப்பு

அடுத்த எதிரி நெருப்பு. "டீசல் சீக்கிரம் பற்றாது, பயமில்லை" என்பார்கள். தேங்கி நிற்கும் டீசலுக்குத் தீக்குச்சியைக் காட்டினால் சட்டென்று பற்றாது என்பது உண்மைதான். ஆனால் எரிபொருள் தொட்டியைத் துளைத்து வரும் தாரை டீசலைப் பனிமூட்டம் மாதிரித் தூவி, அதன் மேல் சூடான சில்லுகளையும் தெளிக்கிறது. அந்த மூட்டம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தீப்பந்தாகும்.

அதனால்தான் தீயணைப்புக் கருவி மனிதனை நம்பி இருப்பதில்லை. உள்ளறையில் ஒளி உணரிகள் இருக்கும், தீப்பந்துக்கே உரிய அகச்சிவப்பு, புறஊதா ஒளியைச் சில மில்லி விநாடிகளில் கண்டுபிடித்து, அழுத்தத்தில் அடைத்து வைத்த அணைப்பு வாயுவைத் திறந்துவிடும். கால் விநாடிக்குள் தீ அடங்க வேண்டும் என்பது பொதுவாக வைக்கிற இலக்கு. கை தூக்கிக் கைப்பிடியைத் தொடும் நேரம்கூட இல்லை அது. நீண்ட காலம் இதற்கு ஹாலன் 1301 என்ற வாயுதான். குறைந்த அளவிலேயே தீயின் வேதிவினையை முறித்துவிடும், உள்ளே இருப்பவர் மூச்சுவிடவும் முடியும். ஓசோன் படலத்துக்குக் கேடு என்று மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 1994 முதல் இதன் உற்பத்தியை நிறுத்தின, புதிய வண்டிகளில் வேறு வாயுக்கள் வருகின்றன.

## வெடிமருந்தை எங்கே வைத்திருக்கிறார்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு டாங்கிக்குள் 40 பீரங்கிக் குண்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குண்டையும் தள்ளிவிட அதன் பின்னால் கிலோ கணக்கில் எரிமருந்து இருக்கும். சூடான சில்லு ஒன்று அதில் விழுந்தால் பற்றும். மூடிய இடத்தில் எரியும்போது அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், அது மறுபடி அழுத்தத்தை ஏற்றும். வால்வு அடைத்துக்கொண்ட பிரஷர் குக்கர் மாதிரி, எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொண்டு கிளம்பும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கிக்குச் சட்டென்று தீப்பிடிக்கும் என்ற கெட்ட பெயர். பெட்ரோல் எஞ்சின்தான் காரணம் என்று இன்றும் எழுதுகிறார்கள். ஜெர்மன் டாங்கிகளும் பெட்ரோலில்தான் ஓடின. ஷெர்மனில் உண்மையான குற்றவாளி பக்கச் சுவர்களை ஒட்டி, உயரத்தில் அடுக்கியிருந்த குண்டுகள். 1944-ல் குண்டுகளை வண்டியின் அடித்தளத்துக்கு மாற்றி, உறைந்துபோகாதபடி மருந்து கலந்த நீரால் சூழ்ந்த பெட்டிகளில் வைத்தார்கள். போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவம் போட்ட கணக்கில், துளைக்கப்பட்ட பழைய ஷெர்மன்களில் 60 முதல் 80 சதவீதம் எரிந்திருந்தன, புதிய அமைப்பு உள்ளவற்றில் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே. கவசத்தின் தடிமனால் வந்த வித்தியாசம் இல்லை இது, பொருளை இடம் மாற்றி வைத்ததால் வந்தது.

சரி, சோவியத் ஒன்றியத்தின் டி-72 டாங்கிக்கு வருவோம், டாங்கியின் தலை பறக்கும் காணொளிகளில் பெரும்பாலும் வருவது இந்தக் குடும்பம்தான். டாங்கியின் மேலே சுற்றும் பீரங்கிக் கூண்டை டரட் என்பார்கள். டி-72-ல் அந்த டரட்டுக்குக் கீழே, கமாண்டரும் கன்னரும் உட்கார்ந்திருக்கும் தரைக்கு அடியில், வட்டமாக 22 குண்டுகளும் அவற்றின் எரிமருந்தும் அடுக்கியிருக்கும். இயந்திரமே எடுத்துப் பீரங்கியில் போடும். அதனால் நான்காவது ஆள் தேவையில்லை, வண்டி தாழ்வாகவும் எடை குறைவாகவும் இருக்கிறது. நல்ல யோசனைதான், முட்டாள்தனமாகச் செய்ததில்லை. தாழ்வான வண்டியை அடிப்பது கடினம், அது வெங்காயத்தின் வெளித்தோல் கணக்கு. கூடவே ஒரு சிக்கல்: அந்த வட்டத்தில் அடங்காத மீதிக் குண்டுகளை ஆட்களைச் சுற்றிக் கிடைத்த இடுக்குகளில் செருகியிருப்பார்கள். அடி விழுந்தால் சில்லு முதலில் தேடிப் போவது அவற்றைத்தான். வெடித்தால் பல டன் டரட் கிளம்பி வானத்துக்குப் போகும், உள்ளே இருந்தவர்களுக்கு வாய்ப்பே இல்லை.

அமெரிக்காவின் எம்1 ஆப்ராம்ஸ் இதை வேறு வழியில் யோசித்தது. பெரும்பாலான குண்டுகள் டரட்டின் பின்பக்க அறையில். அந்த அறைக்கும் ஆட்களுக்கும் நடுவே கனமான நகரும் எஃகுக் கதவு. அறையின் கூரைத் தகடுகளை மட்டும் வேண்டுமென்றே பலவீனமாகப் பொருத்தியிருப்பார்கள். உள்ளே மருந்து பற்றினால் அந்தக் கூரை முதலில் பிய்ந்து பறக்கும், நெருப்பும் அழுத்தமும் மேலே போகும், கதவுக்கு இந்தப் பக்கம் நான்கு பேர். குக்கரின் பாதுகாப்பு வால்வேதான்.

பீரங்கியில் குண்டு போடும் ஆளான லோடர் வேலை செய்வதைப் பார்த்தால் இது இன்னும் புரியும். அவர் முழங்காலால் ஒரு பொத்தானை அழுத்துவார், கதவு சர்ரென்று விலகும். ஒரு குண்டை உருவி, திருப்பி, பீரங்கியின் பின்வாயில் தள்ளுவார். முழங்காலை எடுத்ததும் கதவு மூடிக்கொள்ளும். கைகள் குண்டோடு இருப்பதால்தான் முழங்காலுக்கு அந்த வேலை. கதவு திறந்திருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சோம்பலுக்காகக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டால், இவ்வளவு செலவு செய்து கட்டிய அறைக்கு அர்த்தமே இல்லை.

"அப்போ மேற்கத்திய டாங்கிகள் எல்லாமே பத்திரம்" என்று எழுந்துவிட வேண்டாம். ஜெர்மனியின் லெப்பர்டு 2-ல் 15 குண்டுகள்தான் இப்படிக் கூரை பறக்கும் அறையில் இருக்கின்றன. மீதி 27 முன்பக்கம், ஓட்டுநருக்குப் பக்கத்தில், அப்படி எந்த வடிகாலும் இல்லாமல். ரஷ்யா 2015-ல் அணிவகுப்பில் காட்டிய டி-14-ல் மூன்று பேரையும் வண்டியின் முன்பகுதியில் தனிக் கவசப் பெட்டியில் உட்கார வைத்து, டரட்டை ஆளில்லாமல் விட்டிருக்கிறார்கள். எந்த நாட்டு வண்டி என்பதைவிட, குண்டுக்கும் ஆளுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்பதே சரி.

இந்த மூன்று பகுதிகளின் சாரம்: சில்லுக்கு விரிப்பு, தீக்கு உணரியும் வாயுவும், வெடிமருந்துக்குத் தனி அறையும் பறக்கும் கூரையும். இவை எதுவும் கவசம் துளையாமல் தடுப்பதில்லை, துளைந்ததற்குப் பிறகுதான் இவற்றுக்கு வேலை.

## கீழிருந்து வரும் அடி

வியட்நாம் போரில் எம்113 என்ற கவச வண்டியின் படங்களைப் பாருங்கள், வீரர்கள் கூரை மேல் உட்கார்ந்து போவார்கள். ஆப்கானிஸ்தானில் சோவியத் வீரர்களும் அப்படியே. துப்பாக்கிக் குண்டுக்குப் பாதுகாப்பான பெட்டி கீழே இருக்கும்போது ஏன் மேலே? கண்ணிவெடி. தட்டையான அடிப்பாகத்துக்குக் கீழே வெடித்தால் உள்ளே இருப்பதைவிடத் தூக்கி எறியப்படுவதே மேல் என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். வண்டியைச் செய்தவர்கள் மேல் இதைவிடக் கடுமையான விமர்சனம் இருக்க முடியாது.

முதல் தீர்வு வண்டியின் வடிவம். அடிப்பாகத்தை "வி" எழுத்துப் போலக் கூராகச் செய்து, தரையிலிருந்து உயரமாகத் தூக்கி வைப்பது. படகின் மூக்கு தண்ணீரை இரண்டு பக்கமும் விலக்குவது மாதிரி, வெடிப்பின் அழுத்தம் பக்கவாட்டில் வழுக்கிப் போகும். உயரம் கூடக் கூட அழுத்தமும் வேகமாகக் குறையும். தென்னாப்பிரிக்காவின் காஸ்பிர் போன்ற வண்டிகளில் 1970களின் கடைசியிலேயே இது இருந்தது. ஈராக்கில் சாலையோர வெடிகளால் ஆட்களை இழந்த அமெரிக்கா 2007-ல் அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் வாங்கிய எம்ராப் வண்டிகளும் இதே யோசனைதான். சக்கரமும் அச்சும் பிய்ந்து போகட்டும், ஆள் இருக்கும் பெட்டி முழுசாக நிற்கட்டும்.

பெட்டி முழுசாக நின்றாலும் ஆள் பிழைத்துவிட்டார் என்று அர்த்தமில்லை, இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெடிப்பில் தரைத்தகடு ஒரு சில மில்லி விநாடிகளில் மேல்நோக்கித் துள்ளும். அதன் மேல் பாதத்தை ஊன்றி உட்கார்ந்திருந்தால் கணுக்காலும் கீழ்க்கால் எலும்பும் நொறுங்கும். இருக்கை தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் அதே உதை இடுப்பு வழியாக முதுகெலும்புக்கு ஏறும். வெளியே ஒரு கீறல் இல்லாமல் நடக்க முடியாதவர் ஆகிவிடலாம்.

மாடிப்படியிலிருந்து குதிக்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்குகிறோம். விறைப்பாக இறங்கினால் மண்டை வரை அதிரும். மடக்கும்போது அதே அடி கொஞ்சம் அதிக நேரத்தில், கொஞ்சம் அதிக தூரத்தில் பரவுகிறது, அவ்வளவுதான். வெடிதாங்கும் இருக்கை அந்த முழங்கால் வேலையைச் செய்கிறது. அது தரையைத் தொடுவதில்லை, கூரையிலிருந்தோ பக்கச் சுவரிலிருந்தோ தொங்கும். அதைப் பிடித்திருக்கும் உலோக உறுப்பு ஒன்று, குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் நசுங்கவோ வளையவோ செய்து, இருக்கையைச் சில அங்குலம் கீழே இறங்க விடும். பாதத்துக்குத் தனி மிதி இருக்கும், அதுவும் இருக்கையோடு தொங்கும். இந்த வண்டிகளில் ஏறுபவர்களுக்குக் காலைத் தரையில் வைக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தூக்கிப் போடப்பட்ட வண்டி திரும்பக் கீழே விழும், அது இரண்டாவது அடி. அப்போது பெல்ட் போடாதவர் ஏற்கெனவே கூரையில் தலையை இடித்திருப்பார். கட்டி வைக்காத ஸ்பேனர் பெட்டி, தண்ணீர் கேன், கையில் வைத்திருந்த துப்பாக்கி எல்லாமே அந்த அறைக்குள் பறக்கும். எத்தனை கிலோ கண்ணிவெடியைத் தாங்கும் என்பதற்கு நேட்டோ நாடுகள் ஒரு தரநிலை வைத்திருக்கின்றன: இரண்டாம் நிலைக்கு 6 கிலோ, மூன்றாம் நிலைக்கு 8, நான்காம் நிலைக்கு 10. சக்கரத்துக்குக் கீழே வெடிப்பதும் நடுவயிற்றுக்குக் கீழே வெடிப்பதும் தனித்தனிச் சோதனை. உள்ளே உணரிகள் பொருத்திய பொம்மைகளை உட்கார வைத்து வெடிக்க வைப்பார்கள், பொம்மையின் முதுகெலும்பும் கணுக்காலும் எவ்வளவு விசை வாங்கின என்று பார்ப்பார்கள். தகடு ஓட்டையாகவில்லை என்பது மட்டும் தேர்ச்சிக்குப் போதாது.

## வழியிலேயே பிடிப்பது

இது சுருக்கமாக. வரும் ராக்கெட்டை ரேடாரால் பார்த்து, வண்டியைத் தொடும் முன்பே சுட்டுச் சிதைப்பது முனைப்புப் பாதுகாப்பு. 1970களின் கடைசியில் சோவியத் ஒன்றியம் ட்ரோஸ்ட் என்ற பெயரில் செய்து பார்த்தது. இஸ்ரேலின் ட்ரோஃபி 2011 மார்ச் 1 அன்று காஸா எல்லையருகே ஒரு மெர்காவா டாங்கியை நோக்கி வந்த ராக்கெட்டை உண்மையான சண்டையில் முதன்முறையாகத் தடுத்தது. மந்திரக் குடை எதுவும் இல்லை. எத்தனை முறை சுட முடியும் என்பதற்கு வரம்பு உண்டு, பக்கத்தில் நடந்து வரும் சொந்த வீரர்களுக்கு ஆபத்து, பீரங்கியிலிருந்து வரும் அந்த நீளக் கம்பியைப் பிடிப்பது மிகக் கடினம். மெல்லிய கூரையைத் தேடி மேலிருந்து விழும் சின்ன ட்ரோன்கள் இப்போது புதிய தலைவலி, அதனால்தான் டாங்கிகளின் மேல் வலையும் கூண்டும் முளைத்திருக்கின்றன.

இவ்வளவையும் ஏற்ற ஏற்ற எடை கூடுகிறது. ஆப்ராம்ஸ் 1980-ல் சுமார் 54 டன், இன்றைய வடிவம் 66 டன்னைத் தாண்டிவிட்டது. பாலம் தாங்க வேண்டும், எஞ்சின் இழுக்க வேண்டும்.

## இறங்குவது

கடைசி வேலை வெளியே வருவது. டாங்கியில் மேலே உள்ள மூடிகள் வழியாக ஏறித்தான் குதிக்க வேண்டும், அதுவும் எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது. பல டாங்கிகளில் பீரங்கி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றுவிட்டால் ஓட்டுநரின் மூடி திறக்காது, பீரங்கி மேலே மறித்துக்கொண்டிருக்கும். இஸ்ரேலின் மெர்காவா எஞ்சினை முன்னால் வைத்ததற்கு ஒரு பயன், பின்பக்கம் கதவு வைக்க முடிந்தது, வண்டியின் மறைவிலேயே இறங்கலாம். சோவியத் ஒன்றியத்தின் பிஎம்பி-1 என்ற கவச வண்டியிலும் பின்கதவு உண்டு, ஆனால் அந்தக் கதவுகளுக்குள்ளேயே எரிபொருளை நிரப்பி வைத்தார்கள். அதை வரைந்தவர் அதில் ஏறிப் போகப்போவதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

எதிரியே இல்லாமலும் இந்த வண்டிகள் ஆளைக் கொல்லும். அமெரிக்காவின் தரைப்படையும் மரைன் படையும் 2010 முதல் 2019 வரையிலான நிதியாண்டுகளில் சண்டைக்கு வெளியே மட்டும் 3,753 ராணுவ வாகன விபத்துகளைப் பதிவு செய்தன, 123 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டின் கணக்கு மேற்பார்வை அலுவலகம் 2021-ல் அறிக்கை வெளியிட்டது. அந்த இறப்புகளில் பெரும்பகுதி வண்டி உருண்டதால். கண்ணிவெடிக்காக உயரமாகத் தூக்கிய வண்டி, சாலை ஓரம் கொஞ்சம் சரிந்தாலும் உருளத் தயாராக இருக்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை இழுத்துவிட்டுக்கொண்ட கதை. அதனால் உருளும்போது என்ன செய்வது என்று தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். சரியும் என்று முதலில் உணர்பவர் "உருளுது, உருளுது, உருளுது" என்று கத்த வேண்டும். கூரைத் துளையில் பாதி உடம்பை வெளியே நீட்டி நிற்கும் கன்னரின் காலையோ உடுப்பையோ, பக்கத்தில் யார் இருந்தாலும், இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்துவிட வேண்டும்.